ஸ்லீப்பர் ரயிலில் தனியாக நெடுந்தூரம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ராத்திரி ரயிலில் கூட வருகிறவர் நமக்காகச் செய்யும் வேலை இரண்டுதான். நாம் பாத்ரூம் போனாலோ கண்ணயர்ந்தாலோ பையைப் பார்த்துக்கொள்வார். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தால் தட்டி எழுப்புவார். தனியாகப் போகும்போது இந்த இரண்டுக்கும் ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இவற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டால் மற்றபடி படுத்துத் தூங்க வேண்டியதுதான். கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அந்த ஏற்பாடுகள்தான்.

படி 1: இறங்கும் நேரத்தைப் பார்த்து ரயிலைப் பிடியுங்கள்

டிக்கெட் எடுக்கும்போது எல்லாரும் கிளம்பும் நேரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் போய்ச் சேரும் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை 3 மணிக்குத் தெரியாத ஊரில் இறங்க வேண்டுமென்றால் இரண்டு தொல்லை: தூங்கிப்போய் ஸ்டேஷனைத் தவறவிடலாம், சரியாக எழுந்து இறங்கினாலும் வெளியே போக வண்டி கிடைக்காமல் உட்கார்ந்திருக்கலாம். காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் சேரும் ரயிலாகப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தாமதமானாலும் பகலில்தான் இறங்குவீர்கள்.

முதல் பயணத்துக்கு இன்னொரு வசதியான வழி, ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஊருக்கே டிக்கெட் எடுப்பது. எவ்வளவு அசந்து தூங்கினாலும் ஊர் உங்களைத் தாண்டிப் போகாது.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. நள்ளிரவு 12.10-க்குக் கிளம்பும் ரயிலுக்கு 15-ஆம் தேதி டிக்கெட் என்றால், 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி போனால் ரயில் முந்தின ராத்திரியே போயிருக்கும்.

படி 2: பெர்த்தைத் தேர்ந்தெடுப்பது

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏனென்றால் பயணம் எப்படி இருக்கும் என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

முதலில், கதவு உள்ள பெட்டியா, திறந்த பெட்டியா? ஐரோப்பாவின் கூஷெட் பெட்டிகளில் 4 அல்லது 6 பேர் ஓர் அறை, அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் உண்டு. சீனாவின் ஹார்டு ஸ்லீப்பரில் மூன்று அடுக்காக 6 பெர்த்கள், கதவு கிடையாது. ரஷ்யாவின் பிளாட்ஸ்கார்ட் பெட்டியில் 54 பேர் ஒரே திறந்த கூடத்தில் படுக்கிறார்கள். இந்தியாவின் ஸ்லீப்பர் வகுப்பும் திறந்த அமைப்புதான். கதவு இருந்தால்தான் பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாழிட்ட அறைக்குள் முன்பின் தெரியாத மூன்று பேரோடு இருப்பதைவிட, ஐம்பது பேர் கண்ணில் படும் இடத்தில் இருப்பது புதியவர்களுக்கு மனதளவில் சுலபம். சத்தம் தாங்காதவர்கள் மட்டும் அறைக்குப் போகலாம். பணம் இடம் கொடுத்தால் தனி அறை எடுங்கள். ஆஸ்திரியாவின் நைட்ஜெட் புதிய ரயில்களில் ஒருவருக்கு மட்டுமான சிறு கூடு போன்ற பெர்த்களும் வந்துவிட்டன. பெண்கள் தனியாகப் போகிறார்கள் என்றால், பெண்களுக்கு மட்டுமான அறை கேட்கும் வசதி இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். நைட்ஜெட்டிலும் ரஷ்ய ரயில்களிலும் இருக்கிறது.

அடுத்தது மேலா, கீழா? லோயர் பெர்த்தில் ஜன்னல் உண்டு, ஏறி இறங்கும் வேலை இல்லை, பை அடியிலேயே இருக்கும். ரஷ்யாவின் நான்கு பேர் அறைகளில் லோயர் பெர்த்தே ஒரு மூடி மாதிரி. அதைத் தூக்கினால் அடியில் பெட்டி வைக்கும் இடம். நீங்கள் படுத்திருக்கும்வரை அதை யாராலும் திறக்க முடியாது. ஆனால் பகல் முழுவதும் லோயர் பெர்த் எல்லாருக்கும் பொது இருக்கை. படுக்க நினைத்தாலும் மற்றவர்கள் எழுந்தால்தான் முடியும். மேல் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது, ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஆனால் எந்த நேரத்திலும் ஏறிப் படுக்கலாம், போகிற வருகிறவர்களின் கைக்கு எட்டாது. தனியாகப் போகிறவருக்கு என் ஓட்டு மேல் பெர்த்துக்குத்தான். முழங்கால் வலி உள்ளவர்களும் ராத்திரி அடிக்கடி எழுகிறவர்களும் யோசிக்காமல் கீழேயே கேளுங்கள். நடு பெர்த் கடைசித் தேர்வு. இந்தியாவில் அதை விரித்துப் படுக்க உரிமையுள்ள நேரமே இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரைதான்.

பெர்த் எண்ணைப் பார்க்கும்போது பெட்டியின் நடுப்பகுதியாகப் பாருங்கள். சக்கரத் தொகுதிகள் பெட்டியின் இரு முனைகளிலும் இருப்பதால் குலுக்கலும் சத்தமும் அங்கேதான் அதிகம். கழிவறையும் கதவும் அங்கேதான். ராத்திரி முழுக்கக் கதவு படாரென்று சாத்தும் சத்தம் வேறு.

படி 3: பையை மூன்றாகப் பிரியுங்கள்

உடம்பை விட்டுப் பிரியாதவை: பணம், அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், ஒரு கார்டு, போன். இவற்றைச் சட்டைக்குள் போகும் தட்டையான இடுப்புப் பையில் போடுங்கள். பாத்ரூம் போனாலும் கூடவே வரும்.

தலைமாட்டுக்கு வருபவை: ஒரு சிறு பை. அதில் பவர் பேங்க், மருந்து, தண்ணீர், பல் துலக்கும் சாமான், ஒரு மெல்லிய சால்வை, கண்ணாடி போடுகிறவர் என்றால் அதன் கெட்டியான கூடு. இந்தப் பையின் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்கலாம்.

மிச்சமெல்லாம் ஒரே ஒரு பெரிய பையில், சீட்டுக்கு அடியில் அல்லது மேல் பலகையில். தனி ஆளாக நீங்களே தூக்கி, ரயிலின் உயரமான படியில் ஏற்றும் எடைதான் அதற்கு அளவு. கிளம்புமுன் வீட்டுப் படிக்கட்டில் ஒரு தடவை தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், தெரிந்துவிடும். கூடவே ஒரு சங்கிலியும் பூட்டும். இந்திய ரயில்களில் லோயர் பெர்த்துக்கு அடியில் சங்கிலி மாட்டவே வளையங்கள் தொங்கும். சங்கிலி திருடனை முழுசாகத் தடுக்கும் என்று சொல்லவில்லை. இறங்கும் அவசரத்தில் யாரும் சட்டென்று தூக்கிக்கொண்டு போக முடியாது, அது போதும்.

படி 4: பிளாட்பாரத்தில்

உங்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று முன்பே பார்த்து அங்கே நில்லுங்கள். நீளமான ரயில்; தப்பான முனையில் ஏறினால் பையோடு பத்துப் பெட்டி நடக்க வேண்டியிருக்கும். சில ரயில்களில் நடுவில் வழியே இருக்காது.

இதைவிட முக்கியமான விஷயம், சில ராத்திரி ரயில்கள் பாதி வழியில் பிரிந்துவிடும். ஜப்பானின் சன்ரைஸ் ரயில் ஒகயாமாவில் இரண்டாகி, ஒரு பாதி தகமாட்சுவுக்கும் மறு பாதி இசுமோவுக்கும் போகிறது. லண்டனிலிருந்து கிளம்பும் கலிடோனியன் ஸ்லீப்பரின் ஒரு ரயில் எடின்பரோவில் மூன்றாகப் பிரிந்து அபர்டீன், இன்வெர்னஸ், ஃபோர்ட் வில்லியம் என்று மூன்று திசைக்குப் போகிறது. "எந்தப் பெட்டியில் ஏறினால் என்ன, ஒரே ரயில்தானே" என்ற கணக்கு இங்கே எடுபடாது. பெட்டியின் பக்கவாட்டில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும், ஏறுமுன் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 5: ஏறிய முதல் அரை மணி நேரம்

பெரிய பையை வைத்துப் பூட்டுங்கள். விளக்கு சுவிட்ச், சார்ஜ் பாயின்ட், அவசரக் கதவு, கழிவறை, இவை எங்கே என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மேல் பெர்த் என்றால் ஏணியில் ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில், ஆடும் ரயிலில், எந்தக் காலை எங்கே வைப்பது என்று தேட வேண்டாம். அப்புறம் ரயில் எண், பெட்டி எண், பெர்த் எண் மூன்றையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

டிக்கெட் பரிசோதனை முடியும்வரை தூங்க வேண்டாம். பாதித் தூக்கத்தில் எழுப்பினால் மறுபடி தூக்கம் வர நேரமாகும். பெட்டிக்கென்று ஊழியர் இருக்கும் ரயில் என்றால் இறங்கும் ஸ்டேஷனை அவரிடம் சொல்லி வையுங்கள். ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் பயணிகளை எழுப்புவது அவர்கள் வேலையிலேயே சேர்த்தி.

படி 6: சுற்றி இருப்பவர்கள்

ஒரு வணக்கம், எங்கே இறங்குகிறீர்கள் என்று ஒரு கேள்வி. நட்புக்காக மட்டுமில்லை, எதிர் பெர்த்காரர் உங்களுக்கு முன்னே இறங்குகிறாரா பின்னே இறங்குகிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான். குடும்பத்தோடு வருகிறவர்களும் வயதானவர்களும்தான் பையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆட்கள். உங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் "தெரிந்தவர் வீட்டில், கூட்டிப்போக வருகிறார்" என்று சொல்லிவிடுங்கள், பொய்தான், பாவமில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் பானத்தை யார் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 7: தூக்கம்

தலையை ஜன்னல் பக்கம் வைத்தால் சத்தம் குறைவு, நடக்கிறவர்கள் இடிப்பதும் காலில்தான், தலையில் இல்லை. சிறு பையும் உங்களுக்கும் சுவருக்கும் இடையில் வந்துவிடும்.

போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். ரயில் ஆட ஆட அது மெல்ல நகர்ந்து, பெர்த்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்கு இருக்கும் இடுக்கில் விழும். அலாரம் அங்கேயிருந்து அடிக்கும், கையும் போகாது. இடுப்புப் பையில் வைத்து மூடுங்கள். பொது சார்ஜ் பாயின்டில் போனை மாட்டிவிட்டுத் தூங்குவதும் வேண்டாம், அதற்குத்தான் பவர் பேங்க்.

குறட்டைக்குக் காதடைப்பான் நல்ல மருந்து, ஆனால் அலாரமும் கேட்காது. போன் உடம்போடு ஒட்டியிருந்தால் அதிர்வே எழுப்பிவிடும்.

பாத்ரூமுக்கு எல்லாரும் எழும் நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். பெரிய ஸ்டேஷன் நெருங்கும்போது கழிவறையைப் பூட்டிவிடும் ரயில்களும் உண்டு.

படி 8: நடு வழியில்

நிற்கும் ஸ்டேஷனில் கால் நீட்டி நடக்க இறங்கலாம். உங்கள் பெட்டியின் கதவு கண்ணில் படும் தூரத்தைத் தாண்டாதீர்கள். கால அட்டவணையில் 20 நிமிடம் என்று இருந்தாலும், தாமதமாக வந்த ரயில் அவ்வளவு நேரம் நிற்க வேண்டுமென்று கட்டாயமில்லை. ஊழியரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நாட்டு எல்லையை ராத்திரி தாண்டும் ரயிலில் பாஸ்போர்ட்டுக்காக எழுப்புவார்கள். சீனாவிலிருந்து மங்கோலியா போகிறவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம். சீனத் தண்டவாளத்தின் அகலம் 1435 மில்லிமீட்டர், மங்கோலியாவினுடையது 1520. எல்லையில் பெட்டிகளைத் தூக்கி அடியில் உள்ள சக்கரத் தொகுதிகளையே மாற்றுகிறார்கள். மணிக்கணக்கில் ஆகும், அதுவரை கழிவறை பூட்டியிருக்கும்.

படி 9: இறங்குவது

சேரும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பு ஓர் அலாரம், 20 நிமிடம் முன்பு இன்னொன்று. உங்கள் ஸ்டேஷனுக்கு முந்தைய இரண்டு ஸ்டேஷன்களின் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தால், எழுந்ததும் ரயில் எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் உதவும்.

நேர மண்டலம் மாறும் பாதை என்றால் இன்னும் கவனம். மாஸ்கோவிலிருந்து விளாடிவாஸ்டாக் வரை 9289 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் 7 மணி நேர வித்தியாசம். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டால் அலாரம் முன்னே பின்னே அடிக்கும். டிக்கெட்டில் உள்ள நேரம் எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்து, போன் நேரத்தைக் கையால் வையுங்கள்.

பெரிய பையைக் கதவருகே கொண்டுபோகுமுன் நான்கு இடத்தில் கை விட்டுப் பாருங்கள்: சுவரோர இடுக்கு, வலைப்பை, போர்வை மடிப்பு, சீட்டுக்கு அடி. சார்ஜரும் கண்ணாடியும் அங்கேதான் தங்கிவிடும். டிக்கெட்டை இறங்கியதும் தூக்கிப் போடாதீர்கள், போனில் உள்ளதையும் அழிக்காதீர்கள். ஏதாவது விட்டுவிட்டது பிறகு தெரிந்தால், தொலைந்த பொருள் அலுவலகத்தில் முதலில் கேட்பது ரயில் எண்ணையும் பெட்டி எண்ணையும் பெர்த் எண்ணையும்தான்.