பத்திர நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், எண்ணை மட்டும் கொடுங்கள்

ஆன்லைனில் மனை விளம்பரம் போட்டதும் "பத்திர ஜெராக்ஸ் அனுப்புங்க சார், லாயர்கிட்ட காட்டணும்" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால், பத்திர எண், பதிவான ஆண்டு, சார் பதிவாளர் அலுவலகம் மூன்றை மட்டும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இதை வைத்தே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது மனை மீதான விற்பனை, அடமானப் பதிவு விவரங்களை, கட்டணமில்லாமல் பார்த்துவிடலாம். நிஜமாக வாங்க வருபவருக்கு முதல் கட்டத்தில் அது போதும்.

கிரயப் பத்திரத்தில் உங்கள் போட்டோ, கையெழுத்து, பெருவிரல் ரேகை, பெரும்பாலும் ஆதார் எண்ணும் இருக்கும். போலிப் பத்திரம் தயாரிக்கவோ, உங்கள் மனையைத் தன்னுடையது என்று வேறு ஒருவரிடம் காட்டி முன்பணம் வாங்கவோ அது ஒன்றே போதும். எண் மட்டும்தான் தருவேன் என்றதுமே பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள், அதுவும் நல்லதுதான்.

மிகப் பழைய பதிவென்றால் இந்த வழி உதவாமல் போகலாம், வில்லங்கத்துக்கு மனு போட வேண்டியிருக்கும். வாங்குபவர் வங்கிக் கடன் போடுகிறார் என்றாலும் நகல் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது நேரில் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே அவர் பெயர், தேதி, "கடன் பரிசீலனைக்கு மட்டும்" என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள்.