வெளிநாட்டுச் செய்தியாளரா போகணும்னு ஆசைப்படுற பொண்ணுங்களுக்கு: மேரி கொல்வின் வாழ்க்கைய வச்சு ஒரு வழிகாட்டி

மாசத்துக்கு ஒரு பொண்ணாவது மெசேஜ் பண்ணிக் கேக்குது, "அக்கா, போர் நடக்குற எடத்துக்குப் போயி ரிப்போர்ட் பண்ணணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது"ன்னு. நான் பதினோரு வருஷமா சென்னையில ஒரு பத்திரிகையில சர்வதேச டெஸ்க் பாக்குறேன், ராத்திரி ரெண்டு மணிக்கு செய்தி ஏஜென்சிங்க அனுப்புற காப்பிய தமிழாக்கி பக்கத்துல ஏத்துறதுதான் வேலை, நான் களத்துக்குப் போனது வெள்ளம், புயல், தேர்தல்னு உள்ளூர்ல மட்டும்தான். ஆனா இந்த வேலைய செஞ்ச பெண்கள் எப்படி செஞ்சாங்கன்னு வருஷக்கணக்கா தேடித்தேடி படிச்சிருக்கேன், அதுல எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது மேரி கொல்வின், லண்டன் பேப்பர் ஒண்ணுக்காக போர்க்களத்துலேருந்து எழுதின அமெரிக்கச் செய்தியாளர். இடது கண்ணுல கறுப்புப் பட்டை போட்ட அவங்க படத்த பாத்திருப்பீங்க, அந்தக் கண்ணு போனது வன்னியிலேருந்து வெளிய வரும்போது. அதனால அவங்கள வச்சே சொல்றேன்.

முதல்ல, பையைத் தூக்குறதுக்கு முன்னாடி, யாரப் பாக்கப் போறோம்னு முடிவு பண்ணுங்க. துப்பாக்கி, டாங்கி, எந்த ஊரு யாரு கையில விழுந்துச்சு, இதெல்லாம் ஏஜென்சி காப்பியில எப்படியும் வந்துரும். 1987ல பெய்ரூட்ல புர்ஜ் அல்-பராஜ்னேங்கிற பாலஸ்தீன அகதி முகாம அமல்ங்கிற லெபனான் ஆயுதப்படை முற்றுகை போட்டு வச்சிருந்துச்சு, உள்ள சாப்பாடு இல்ல, ஆம்பளைங்க வெளிய வந்தா சுட்டுருவாங்க, அதனால பொம்பளைங்கதான் உயிரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடிப்போயி சாமான் வாங்கிட்டு வரணும். கொல்வினும் போட்டோகிராஃபர் டாம் ஸ்டாடர்ட்டும் சுடாம இருக்கிறதுக்கு ஒரு கமாண்டருக்குக் காசு குடுத்துட்டு அந்தப் பாதையில ஓடி உள்ள போனாங்க. அங்க 22 வயசுப் பொண்ணு ஒருத்தி குண்டடிபட்டு பாதையில கெடக்கிறா, ரெண்டு பொம்பளைங்க ஓடிப்போயி அவள இழுத்துட்டு வர்றாங்க, அவ பிழைக்கல. அந்த ஒரு பொண்ணப் பத்தி எழுதினாங்க, ஏப்ரல் 1987ல அது வந்துச்சு, அடுத்த சில நாள்ல முற்றுகை தளர்ந்துச்சு. ஒரே கட்டுரையாலதான் தளர்ந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஆனா உலகம் அந்த முகாம ஒரு முகத்தோட பாத்தது அதுக்கப்புறம்தான். இப்படி ஒரு ஆள் உங்க மனசுல இல்லேன்னா டிக்கெட் போடாதீங்க.

சரி, எங்க ஆரம்பிக்கிறது. யாரும் நேரா போர்முனைக்குப் போகல. கொல்வின் 1956ல பொறந்தவங்க, நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட்ல வளர்ந்தவங்க, யேல்ல மானுடவியல் படிச்சு 1978ல முடிச்சாங்க, கொஞ்ச நாள் ஒரு தொழிற்சங்கத்துல வேலை, அப்புறம் யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல்ங்கிற செய்தி ஏஜென்சியில நியூயார்க்ல ராத்திரி ஷிஃப்ட் போலீஸ் பீட், அதாவது போலீஸ், குற்றச் செய்தி சேகரிக்கிற வேலை. அங்கேருந்து வாஷிங்டன், 1984ல பாரிஸ் பீரோ, 1985ல லண்டன் சண்டே டைம்ஸ். 1986ல அமெரிக்கா லிபியா மேல குண்டு போட்ட சமயத்துல திரிப்போலியில போயி கடாஃபிய பேட்டி எடுத்தப்ப அவங்களுக்கு வயசு முப்பது. ராத்திரி போலீஸ் பீட்டுதான் அஸ்திவாரம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா யூனிஃபார்ம் போட்டவன் சொல்றத அப்படியே எழுதாம எதுத்த வீட்டுல போயி ஒரு வார்த்தை கேக்குற பழக்கம் அங்கதான் வரும். நம்ம ஊர்ல தமிழ் பத்திரிகைகளுக்கு வெளிநாட்டு பீரோ பெருசா கெடையாது, அத ஒத்துக்கிட்டுதான் திட்டம் போடணும். ரெண்டு மூணு வருஷம் கிரைம், கோர்ட்டு, மாவட்டம்னு ஓடுங்க, இங்கிலீஷ்லயும் காப்பி எழுதப் பழகுங்க, அப்புறம் டெல்லியில பீரோ வச்சிருக்கிற ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி மாதிரி செய்தி ஏஜென்சிங்க, இல்ல பிபிசி தமிழ் மாதிரி எடங்களுக்கு முயற்சி பண்ணுங்க. பக்கத்து நாட்டுலேருந்து தொடங்குறது நல்லது, இலங்கை, நேபாளம், வங்கதேசம், டிக்கெட் செலவும் தாங்கும், அவங்க அரசியலும் நமக்குப் பாதி தெரியும்.

எங்க போனாலும் அந்த ஊரு பேச்சு கொஞ்சமாவது வரணும், தண்ணி, டாக்டர், சுடாதீங்க, நான் செய்தியாளர், இந்த நாலையாவது மனப்பாடம் பண்ணிக்கோங்க. ரோட்டப் பாக்கவும் கத்துக்கணும். கிளேர் ஹாலிங்வொர்த்னு ஒருத்தங்க, 1939 ஆகஸ்ட்ல டெய்லி டெலிகிராஃப்ல வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகல, போலந்து எல்லைக்குப் போனவங்க பிரிட்டிஷ் தூதரக அதிகாரியோட காரை கடன் வாங்கிக்கிட்டு ஜெர்மனிக்குள்ள ஓட்டிட்டுப் போயிட்டாங்க, அங்க கடையில ஒயினும் ஆஸ்பிரினும் ஃபிலிமும் வாங்கிட்டுத் திரும்புறாங்க, ரோட்டோரமா சாக்குத்துணி மறைப்பு கட்டியிருக்கு, காத்து அடிச்சு அது தூக்குது, கீழ பள்ளத்தாக்குல வரிசையா டாங்கிகள். இரண்டாம் உலகப்போர் தொடங்கப்போகுதுங்கிற செய்தி அப்படித்தான் வெளிய வந்துச்சு, ஆகஸ்ட் 29 பேப்பர்ல. செப்டம்பர் 1 அன்னிக்குப் போர் தொடங்கிருச்சுன்னு போன் பண்ணினா தூதரகத்துல நம்பல, இவங்க ரிசீவரை ஜன்னலுக்கு வெளிய நீட்டிட்டாங்க, சத்தத்த நீங்களே கேட்டுக்கோங்கன்னு. 105 வயசு வரைக்கும் இருந்து 2017ல ஹாங்காங்ல காலமானாங்க.

உள்ள போற வழிதான் அடுத்த கஷ்டம். விசா விஷயத்துல பொய் சொல்லாம முடிஞ்ச வரைக்கும் மீடியா விசாவே கேளுங்க, டூரிஸ்ட் விசாவுல போயி மாட்டினா உங்கள திருப்பி அனுப்புவாங்க, உங்களுக்கு உதவி பண்ணின உள்ளூர் ஆளத்தான் ஜெயில்ல போடுவாங்க. சில எடத்துல அரசாங்கம் யாரையும் விடவே விடாது, அப்ப கொல்வின் மாதிரி ஆளுங்க வேற வழி பாப்பாங்க. வன்னி அப்படித்தான் இருந்துச்சு. அங்க அஞ்சு லட்சம் தமிழ் மக்கள் பொருளாதாரத் தடைக்குள்ள கெடந்தாங்க, மருந்து பத்தல, எரிபொருள் இல்ல, ஆறு வருஷமா வெளிநாட்டுச் செய்தியாளர் யாரும் போகல. ஏப்ரல் 2001ல கொல்வின் தமிழ் வழிகாட்டிகளோட காட்டுக்குள்ள நடந்து உள்ள போனாங்க, மக்களப் பாத்தாங்க, புலிகளோட தலைவர்கள்கிட்ட பேசினாங்க. ஏப்ரல் 16 ராத்திரி வவுனியா பக்கத்துல எல்லை தாண்டி வெளிய வர்றப்ப ராணுவம் சுட ஆரம்பிச்சிருச்சு, கூட வந்தவங்க ஓடிட்டாங்க, இவங்க தரையோட தரையா படுத்துக் கெடந்து கடைசியில "ஜர்னலிஸ்ட்"னு கத்தினாங்க, கத்தின பிறகும் ஒரு குண்டு வந்து வெடிச்சு சில்லு கண்ணுலயும் நெஞ்சுலயும் பாய்ஞ்சுச்சு. இடது கண் பார்வை போயிருச்சு. அந்த நிலையிலயும் 3,000 வார்த்தை எழுதி டெட்லைனுக்குள்ள அனுப்பினாங்க. எழுதி அனுப்பினத நான் வணங்குறேன். ஆனா நீங்க இதுலேருந்து எடுத்துக்க வேண்டியது வேற ஒண்ணு, உள்ள போற வழிய திட்டம் போடுறப்பவே வெளிய வர்ற வழியையும், அது அடைச்சா ரெண்டாவது வழியையும் பேப்பர்ல எழுதி எடிட்டர்கிட்ட குடுங்க. உள்ள போறப்ப இருக்கிற கவனம் திரும்புறப்ப இருக்காது, களைச்சுப் போயிருப்போம், எழுத வேண்டியதுதான் மண்டைக்குள்ள ஓடும்.

அந்த வழிகாட்டிகளோட பேரு நமக்குத் தெரியாது பாருங்க. வெளிநாட்டுச் செய்தியாளர் யாரும் தனியா செய்தி கொண்டு வர்றதில்ல, ஃபிக்ஸர் (நமக்காக உள்ளூர்ல ஆளப் புடிச்சு, வழி ஏற்பாடு பண்ணிக் குடுக்குறவங்க), டிரைவர், மொழிபெயர்ப்பாளர், உள்ளூர் நிருபர் இவங்கதான் முதுகெலும்பு. அவங்களுக்கு தினக்கூலிய அன்னன்னைக்கே குடுங்க, உங்களுக்கு ஒரு குண்டு துளைக்காத ஜாக்கெட் இருந்தா அவங்களுக்கும் ஒண்ணு, கட்டுரையில எழுதினவங்க பேரு வர்ற பைலைன்ல அவங்க பேரையும் போடலாமா கூடாதான்னு அவங்களையே கேளுங்க. வேண்டாம்னு ஃபிக்ஸர் சொன்னா வேண்டாம், அதுக்கு மேல பேச்சே கெடையாது.

இனி எழுதுறது. பிப்ரவரி 2012ல சிரியாவுல ஹோம்ஸ் நகரம், பாபா அம்ர் பகுதி, அரசுப்படை ஷெல் அடிச்சுக்கிட்டே இருக்கு. கொல்வின் அங்க ஒரு மர ஃபாக்டரிக்குக் கீழ இருக்கிற அறைக்குப் போறாங்க, முந்நூறு பொம்பளைங்களும் குழந்தைகளும் அதுக்குள்ள, விதவைகளோட அறைன்னே அதுக்குப் பேரு. அங்க பத்தொன்பது வயசுத் தாய், போன வாரம் அங்கேயே பொறந்த குழந்தை, அதிர்ச்சியில தாய்க்குப் பால் இல்ல, பால்பவுடரும் இல்ல, குழந்தைக்கு சர்க்கரைத் தண்ணி குடுத்துக்கிட்டு இருக்காங்க. முற்றுகை எவ்வளவு கொடுமைன்னு பத்தி பத்தியா எழுத வேண்டாம், அந்த சர்க்கரைத் தண்ணி போதும். ஒரு எடத்துக்குப் போனா இதக் கேளுங்க, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, தண்ணி எங்கேருந்து வருது, ராத்திரி எங்க படுக்குறீங்க. பேரு, வயசு, ஊரு மூணையும் அவங்க கண்ணு முன்னாடியே நோட்டுல எழுதி வாசிச்சுக் காட்டுங்க. ஒரு வெள்ளத்தப்ப நான் ஒரு அம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டு வந்து பாத்தா நோட்டுல அவங்க பேரு இல்ல, திரும்பிப் போனா அந்த முகாமையே மாத்திட்டாங்க, கடைசியில "ஒரு பெண்"னுதான் பேப்பர்ல வந்துச்சு. அவ்வளவு சொன்ன அந்த அம்மாவுக்கு நான் செஞ்ச குறை அது, இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. ஆனா பேரு வெளிய வந்தா அவங்களுக்கு ஆபத்துன்னா அத மறைக்கிறதும் உங்க பொறுப்புதான்.

பொண்ணா இருக்கிறதால பல நாட்டுல ஆம்பள நிருபர் நுழைய முடியாத அறைக்குள்ள நீங்க போகலாம், சமையலறை, பிரசவ வார்டு, விதவைங்க உக்காந்திருக்கிற எடம், போரோட பாதிக் கதை அங்கதான் இருக்கு. அதே சமயம் கூட்டத்துல கை வைக்கிறவன், செக்போஸ்ட்ல வழியுறவன், சொந்த ஆபீஸ்லயே "பொண்ண எப்படி அனுப்புறது"ன்னு இழுக்கிறவங்க, எல்லாரையும் சமாளிக்கணும். அப்படி இழுத்தா இந்தோனேசியா பக்கத்துல இருக்கிற கிழக்குத் திமோர சொல்லுங்க. செப்டம்பர் 1999, டிலி நகரத்துல ஐநா வளாகத்துக்குள்ள சுமார் 1,500 பேரு, பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைகளும், வெளிய ஆயுதக்கும்பல், ஐநா ஆளுங்களே கெளம்புற முடிவுல இருந்தாங்க. கொல்வினும் ரெண்டு டச்சுப் பெண் செய்தியாளர்களும் போகமாட்டோம்னு அங்கேயே இருந்து செய்தி அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. நாலு நாள் கழிச்சு அந்த ஜனங்களையும் சேத்துதான் வெளிய கொண்டு வந்தாங்க.

பாதுகாப்பப் பத்தி கறாரா சொல்றேன். ஆபத்தான எடத்துல வேலை பாக்குறவங்களுக்குன்னு முதலுதவிப் பயிற்சி இருக்கு, அஞ்சாறு நாள் நடக்கும், அத முடிக்காம போகக்கூடாது. ரத்தம் கொட்டுற கைகால மேல இறுக்கிக் கட்டுற டூர்னிக்கே பட்டைய ஒத்தக் கையால, இருட்டுல, உங்க கையிலேயே கட்டத் தெரியணும். ரத்த வகைய ஜாக்கெட்ல எழுதுங்க. எத்தனை மணிக்கு யாருக்கு மெசேஜ், வரலேன்னா எத்தனை மணி நேரம் கழிச்சு யாரு யாரக் கூப்பிடணும், இத எழுத்துல வச்சுக்கோங்க. ஒருவேளை கடத்திட்டா பேசுறது நீங்கதானான்னு சரிபாக்க, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வி பதில் ஒண்ண வீட்டுல குடுத்துட்டுப் போங்க. பிரஸ்னு எழுதின ஜாக்கெட் எல்லா நேரமும் காப்பாத்தாது, மே 2022ல பாலஸ்தீனத்துல ஜெனின் நகரத்துல அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபு அக்லேவ சுட்டுக் கொன்னப்ப அவங்க அத போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க.

போன்தான் ரொம்ப ஆபத்து. சாட்டிலைட் போன் நீங்க எங்க இருக்கீங்கன்னு காட்டிக் குடுக்கும், பேசி முடிச்சதும் எடம் மாறணும். கொல்வின் ஹோம்ஸ்லேருந்து ஒரு தடவ வெளிய வந்துட்டு, மழைத்தண்ணி போற சுரங்கக் குழாய் வழியா மறுபடி உள்ள போனாங்க. பிப்ரவரி 21 ராத்திரி பிபிசி, சிஎன்என், சேனல் 4 எல்லாத்துலயும் நேரலையில பேசினாங்க, ஒரு குழந்தை கண் முன்னாடி செத்ததச் சொன்னாங்க. மறுநாள் காலையில அவங்க தங்கியிருந்த மீடியா சென்டர் மேல ஷெல் விழுந்துச்சு, அவங்களும் பிரெஞ்சு போட்டோகிராஃபர் ரெமி ஓஷ்லிக்கும் எறந்தாங்க. அது குறிவச்சு அடிச்சதுதான்னு 2019ல ஒரு அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, சிரிய அரசு 30 கோடி டாலருக்கு மேல தரணும்னுச்சு. அவங்க திரும்பிப் போனது சரியான்னு கேட்டா, அந்த விதவைகளோட அறையில இருந்தவங்க மாதிரி ஜனங்களுக்காகப் போனாங்க, அந்த முடிவ குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஆனா உங்கள அப்படிப் போங்கன்னு நான் சொல்லமாட்டேன். வீரத்துக்கும் வீம்புக்கும் எங்க கோடுங்கிற கேள்விய 2010ல லண்டன் செயின்ட் பிரைட்ஸ் சர்ச்சுல பேசினப்ப அவங்களே எழுப்பினாங்க, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னாடி நீங்களும் அதக் கேளுங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் தூக்கம் வராது, பட்டாசு சத்தத்துக்குத் தூக்கிப் போடும். கண்ணு போன பிறகு கொல்வினுக்கு பிடிஎஸ்டி, அதாவது கொடூரமான அனுபவத்துக்கு அப்புறம் மனசுல தங்குற பாதிப்புன்னு கண்டறிஞ்சு ஆஸ்பத்திரியில சிகிச்சை எடுத்தாங்க, எடுத்துட்டு வேலைக்கும் திரும்பினாங்க. களத்துலேருந்து திரும்பி வந்த ரெண்டாவது வாரத்துக்கே கவுன்சிலிங் அப்பாயின்ட்மென்ட்ட, கெளம்புறதுக்கு முன்னாடியே போட்டு வச்சிருங்க. ஃப்ரீலான்ஸா போறவங்களுக்கு ரோரி பெக் டிரஸ்ட் பயிற்சிக்குப் பண உதவி பண்ணுது, சர்வதேச பெண்கள் ஊடக அறக்கட்டளையும், செய்தியாளர் பாதுகாப்புக்கான சிபிஜே அமைப்பும் அவசரத்துக்குக் கை குடுப்பாங்க. இன்சூரன்ஸ் போடாத பத்திரிகைக்காக ஒரு அடிகூட எடுத்து வைக்காதீங்க.

கடைசியா தொடர்புகள். 2001ல வன்னியில பாத்த ஆளுங்கள கொல்வின் விட்டுடல. எட்டு வருஷம் கழிச்சு, மே 2009ல, போர் முடியப்போற அந்த ராத்திரியில புலிகளோட தலைவர்கள் நடேசனும் புலித்தேவனும் சாட்டிலைட் போன்ல பேசினது அவங்ககிட்டதான், சரணடையுறோம், பாதுகாப்பு வேணும்னு. கொல்வின் அத ஐநாவோட விஜய் நம்பியார்கிட்ட கொண்டு போனாங்க, வெள்ளைக்கொடிய உசத்திப் புடிச்சு வந்தா ஆபத்தில்லன்னு இலங்கை ஜனாதிபதி உறுதி குடுத்திருக்காருன்னு பதில் வந்துச்சு. சில மணி நேரத்துல ரெண்டு பேரும் உயிரோட இல்ல. நடந்தத நேரம் போட்டு, யாரு என்ன சொன்னாங்கன்னு பேரு போட்டு, அடுத்த ஞாயிறே பேப்பர்ல எழுதினாங்க, அந்த உறுதிமொழிய யாரு யாருக்குக் குடுத்தாங்கங்கிறதுக்கு இன்னிக்கும் ஒரு சாட்சியா அந்தக் கட்டுரை நிக்குது. அதனால நம்பர்கள போன்ல மட்டும் வைக்காதீங்க, செக்போஸ்ட்ல போன புடுங்கிருவாங்க. ஒரு சின்ன நோட்டுல உங்களுக்கு மட்டும் புரியுற மாதிரி எழுதி, ஒரு பிரதிய ஊர்ல நம்பிக்கையான ஆள்கிட்ட குடுத்து வைங்க, ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்துலயும் கடைசியா எப்ப பேசினீங்கங்கிற தேதியையும் போட்டுக்கோங்க.