சாரலில் வெளுத்த வால்வு கவர்

செங்கோட்டையில் ஆனிச் சாரல் நேரம். வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் காரின் வால்வு கவருக்கு, அதாவது இன்ஜினின் மேல்மூடிக்கு, கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். காயக் காய வெள்ளை பூத்துவிட்டது. பெயின்ட்டிலுள்ள தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அதில் நீராகப் படிகிறது. அதுதான் காரணம்.

முழுவதையும் சுரண்டினேன். மண்ணெண்ணெயில் கழுவி, தின்னரால் துடைத்தேன். இதில் மட்டும் அவசரம் கூடவே கூடாது: மூலையில் துளி எண்ணெய்ப்பிசுக்கு இருந்தாலும் பெயின்ட் தோலாக உரியும். 180, அப்புறம் அதைவிட நைசான 320 நம்பர் எமரித்தாளால் தேய்த்தேன். எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் உட்காரும் விளிம்பில் பெயின்ட் படாமலிருக்க மாஸ்கிங் டேப் ஒட்டினேன்.

"வெயில் வரட்டும் அண்ணாச்சி" என்றான் பக்கத்து ஒர்க்‌ஷாப் தம்பி. காத்திருந்தேன். வெயிலில் கவரைச் சூடேற்றி, வெப்பம் தாங்கும் பெயின்ட்டை மெல்லிசாக 3 கோட் அடித்தேன். இடையில் 10 நிமிடம் விட்டேன். புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். சொட்டுக் கசிவில்லை.