கால்வாய்ப் படகுக்காரரின் சொல் காதில் விழ வேண்டுமானால்

என் அப்பா காவிரிப் பாசனத்தில் லஸ்கராக, அதாவது மதகுகளைத் திறந்து மூடும் பணியாளராக, இருந்தார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று யாராவது வாசலில் வந்து சத்தம் போட்டால், அவர் கேட்பது ஒன்றுதான்: "எந்த மதகு, எத்தனை நாளாக?" இதற்குப் பதில் வைத்திருப்பவருக்காக அப்போதே சைக்கிளை எடுத்துவிடுவார். மற்றவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்புவார்.

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஐம்பது அடி நாரோபோட் (ஒடுக்கமான கால்வாய்ப் படகு) ஒன்றை நானும் என் கணவரும் வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய மூன்றாம் ஆண்டு, படகு உரிமக் கட்டணம் ஏறியதும் எனக்கு ஆற்றாமை பொங்கியது. கால்வாய் தூர்ந்துபோகிறது, படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் ஒழுகுகின்றன, குப்பைத் தொட்டியைக்கூட எடுத்துவிட்டார்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மரியாதையான நான்கு வரி பதில் வந்தது. அதில் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் ஒரு நீர்ப்பூட்டின் ஷட்டர் பாதி உயரத்தில் சிக்கி நின்றபோது, பூட்டின் எண், கீழ்வாசலின் எந்தப் பக்கம், தேதி, நேரம், எத்தனை சுற்றுக்குப் பிறகு பல்சக்கரம் நழுவுகிறது என்று ஐந்தே வரி எழுதினேன். ஒன்பதாம் நாள் பழுதுபார்க்கும் வண்டி வந்து நின்றது. அப்பாவின் கேள்வி அன்றுதான் எனக்கு விளங்கியது.

படகு வாங்கிய, வாங்கப்போகிற தமிழ்க் குடும்பங்கள் சில என்னிடம் அவ்வப்போது கேட்பதால் இதை எழுதுகிறேன். கட்டணம், பராமரிப்பு, நிர்வாகம் குறித்து உங்களுக்கு ஒரு கருத்து இருந்தால், அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்பதுதான் விஷயம்.

முதலில், உங்கள் படகு மிதக்கும் தண்ணீர் யாருடையது?

இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதி, ஏறத்தாழ 2,000 மைல், கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பு. 2012 ஜூலை வரை அவை பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு நிறுவனத்திடம் இருந்தன. ஆனால் எல்லா நீர்வழியும் டிரஸ்டின் கையில் இல்லை. தேம்ஸ் ஆற்றின் பெரும்பகுதியும் நீன் ஆறும் சுற்றுச்சூழல் முகமையிடம் இருக்கின்றன. மான்செஸ்டர் பக்கத்து பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் ஒரு தனியார் குழுமத்தின் சொத்து. பேசிங்ஸ்டோக் கால்வாய் இரண்டு கவுண்டி மன்றங்களின் பொறுப்பு. ஸ்காட்லாந்தில் அரசு அமைப்பே நீடிக்கிறது. 2025 புத்தாண்டு நாளில் பிரிட்ஜ்வாட்டரின் கரை உடைந்தபோது எங்கள் கரைப்பாதையில் பலர் டிரஸ்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். தவறான வாசலில் நின்று கூப்பிட்டால் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். ஆகவே முதல் வேலை, வரைபடத்தைப் பார்த்து உங்கள் நீர்வழியின் நிர்வாகம் யாரென்று குறித்துக்கொள்வது. கீழே சொல்வதெல்லாம் டிரஸ்டின் கால்வாய்களுக்குப் பொருந்தும்.

பணம் வரும் வழி

இதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டணத்தைப் பற்றி எழுதாதீர்கள். நான் அப்படி எழுதியவள்.

படகுக்காரர்களில் பலர் தங்கள் காசில்தான் கால்வாயே ஓடுகிறது என்று நம்புகிறார்கள். 35,000 சொச்சம் படகுகள் கட்டும் உரிமக் கட்டணம், டிரஸ்டின் மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். படகைக் கட்டி நிறுத்தும் கட்டுமிடத்தின் வாடகையையும் சேர்த்தால் கூடும். அரசு மானியம் ஆண்டுக்கு 5 கோடி பவுண்டுக்குச் சற்று மேல், வருமானத்தில் ஏறக்குறைய கால்பங்கு. மீதியில் பெரும்பகுதி 2012இல் கைமாறிய நிலங்கள், கட்டடங்கள், முதலீடுகள் ஆகியவற்றிலிருந்தும், கரைப்பாதையின் அடியில் கம்பிவடம் பதிக்கவும் கால்வாய் நீரை எடுக்கவும் நிறுவனங்கள் கொடுக்கும் தொகையிலிருந்தும் வருகிறது. பிரிஸ்டல் நகரத்தின் குடிநீரில் ஏறக்குறைய பாதி குளோஸ்டர் ஷார்ப்னஸ் கால்வாய் வழியாகத்தான் போகிறது. படகே விடாதவர்களுக்கும் இந்தக் கால்வாய்கள் தேவை என்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது இந்த ஒரு வரி பத்து வாதங்களுக்குச் சமம்.

அரசு மானியத்தின் கதையை ஊன்றிப் படியுங்கள். 2012இல் போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் 2027இல் முடிகிறது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மொத்தம் 40 கோடி பவுண்டு என்று 2023 ஜூலையில் அரசு அறிவித்தது. ஆனால் தொகை ஆண்டுக்கு 5 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போகும். விலைவாசியையும் கணக்கில் எடுத்தால், பத்து ஆண்டுகளில் 30 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பு என்று டிரஸ்ட் கூறியது. 1946இல் தொடங்கி இந்தக் கால்வாய்களைக் காப்பாற்றப் பாடுபட்ட இன்லண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் முன்னின்று பல அமைப்புகளைத் திரட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் படகுகள் அணிவகுத்தன. நவம்பரில் தேம்ஸில் நாடாளுமன்றத்தைக் கடந்து போயின.

இனிச் செலவுப் பக்கம். டிரஸ்டிடம் 1,500க்கும் மேற்பட்ட நீர்ப்பூட்டுகள் இருக்கின்றன. ஓக் மரக் கதவு ஒன்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தாங்கும். பூட்டுக்குப் பூட்டு அளவு வேறுபடுவதால் பிராட்லியிலும் ஸ்டான்லி ஃபெரியிலும் உள்ள பட்டறைகளில் ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்கள் வேறு. 2019 ஆகஸ்ட் 1ஆம் தேதி டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் கலிங்கு இடிந்தது. கீழே இருந்த வேலி பிரிட்ஜ் ஊரிலிருந்து 1,500 பேரை வெளியேற்றினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொண்டுவந்து போட்டது. அணைகளின் பாதுகாப்பு சட்டக் கட்டாயம். உங்கள் கட்டுமிடத்துக்கு முன்னால் சேறு மேடிட்டுக் கிடப்பது கட்டாயத்தின் வரிசையில் பின்னால்தான் வரும். இது நியாயமா என்று கேட்டால், அணையை முதலில் பார்ப்பதுதான் நியாயம் என்பேன். ஆனால் தூர்வாரலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் செலவு பெருகும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். டெல்டாவில் பிறந்தவளுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

உங்கள் தரப்பு எது என்று முதலில் சொல்லிவிடுங்கள்

1995ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் உரிமம் பெற மூன்று நிபந்தனைகள் வைக்கிறது: பாதுகாப்புச் சான்றிதழ், காப்பீடு, மூன்றாவதாக நிலையான கட்டுமிடம். அந்தக் கட்டுமிடம் இல்லையென்றால், ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். இப்படி நகர்ந்தே வாழ்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் தனி மேல்வரி வந்தது. முதல் ஆண்டு 5 சதவீதம், படிப்படியாக 2028இல் 25 சதவீதம் என்பது திட்டம். அகலப் படகுகளுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு.

எங்கள் கரையில் இந்த விஷயம் நட்புகளைப் பிரித்திருக்கிறது. கட்டுமிடம் வைத்திருப்பவர்கள், "மரினாவுக்கு (படகுகள் நிற்கும் துறை) வாடகையும் கட்டி, உரிமத்தையும் கட்டுகிறோம், தண்ணீர்க் குழாயையும் கழிவுத் தொட்டியையும் எங்களைவிட அதிகம் பயன்படுத்துவது அவர்கள்தான்" என்கிறார்கள். நகர்ந்து வாழ்பவர்களோ, "எங்களுக்கு இது வீடு. சட்டம் அனுமதித்த முறையில் வாழ்வதற்கு அபராதம் எதற்கு?" என்கிறார்கள். எனக்குக் கட்டுமிடம் இருக்கிறது. ஆனாலும் மேல்வரி தவறு என்பதே என் முடிவு. படகே வீடான ஒருவரிடம் கால்பங்கு கூடுதலாக வாங்கினாலும், அரசு குறைக்கும் தொகையில் அது சிறு துளியையும் நிரப்பாது. பக்கத்துப் படகுக்காரரைப் பார்த்துக் கோபப்படும் நேரத்தில் லண்டனுக்கு எழுதலாம்.

நீங்கள் என்னுடன் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் டிரஸ்டின் கருத்துக் கேட்புப் படிவத்தை நிரப்பும்போது முதல் வரியிலேயே நிலையைத் தெரிவியுங்கள்: படகில் வாழ்கிறீர்களா, வார இறுதியில் மட்டும் வருகிறீர்களா, கட்டுமிடம் உண்டா, படகின் நீள அகலம் என்ன, ஆண்டுக்கு எத்தனை மைல் போகிறீர்கள். பிறகு உங்கள் கணக்கு. சென்ற ஆண்டு எவ்வளவு கட்டினீர்கள், இந்த ஆண்டு எவ்வளவு, அதனால் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள். கட்டம் போட்ட கேள்விகளுக்கு டிக் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கடைசியில் வரும் வெற்றுப் பெட்டியில் எழுதுங்கள். உங்கள் சொற்கள் உங்கள் சொற்களாகவே போய்ச் சேர்வது அங்கேதான். யாரோ எழுதி அனுப்பிய மாதிரிக் கடிதத்தை அப்படியே ஒட்டாதீர்கள். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள்.

பழுதும் புகாரும் வேறு வேறு

பழுது என்றால் அன்றே தெரிவியுங்கள். பாலங்களில் எண் பதித்திருக்கும், நீர்ப்பூட்டுகளிலும் பெரும்பாலும் இருக்கும். மேலிருந்து கீழாகப் போகும்போது வலப்பக்கமா இடப்பக்கமா, மேல்வாசலா கீழ்வாசலா, கரையில் உள்ள நிலத்து ஷட்டரா கதவிலேயே உள்ள கதவு ஷட்டரா என்று குறிப்பிடுங்கள். இரண்டு புகைப்படம்: ஒன்று அருகில், ஒன்று பூட்டு முழுவதும் தெரியும்படி. "பூட்டு" என்று நான் எழுதுவதை இங்குள்ள நம்மவர் "லாக்" என்றே சொல்கிறார்கள். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் கரையில் லாக் நகர் இருக்கிறதே, அதே சொல். ஒன்றை மறக்க வேண்டாம்: கதவுகளின் பெரிய பழுதுகளைப் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை, கால்வாயை மூடித்தான் செய்வார்கள். அக்டோபரில் சொன்னதை விட மே மாதம் சொன்னது பட்டியலில் ஏற வாய்ப்பு அதிகம்.

புகார் என்பது, சொல்லியும் செய்யவில்லை அல்லது உங்களை முறையாக நடத்தவில்லை என்பது. அதற்கு டிரஸ்டிலேயே இரண்டு படிகள் இருக்கின்றன. இரண்டும் முடிந்த பிறகு வாட்டர்வேஸ் ஆம்புட்ஸ்மன் என்ற தனி நடுவரிடம் போகலாம். முதல் படியிலேயே நடுவருக்கு எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேதிகளைக் கண்ணும் கருத்துமாகக் குறித்துவையுங்கள். வாய்மொழியாகப் பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி, "இன்று பேசியது இதுதான்" என்று அனுப்பிவையுங்கள். அரசு நிறுவனத்திடமிருந்து கைமாறிய கடமைகள் தொடர்பாகத் தகவல் உரிமைச் சட்டப்படியும் டிரஸ்டிடம் கேட்கலாம். "தூர்வாரலுக்கு ஏன் செலவழிப்பதில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. "இந்தப் பாலத்துக்கும் அந்தப் பாலத்துக்கும் இடையே கடைசியாக எந்தத் தேதியில் ஆழம் அளந்தீர்கள்? அளவு என்ன?" என்று கேளுங்கள்.

மானியம் குறைவது டிரஸ்டின் முடிவு அல்ல, அமைச்சகத்தின் முடிவு. அந்தக் கடிதம் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு. தம் தொகுதி வாக்காளருக்குத்தான் அவர் பதில் எழுதுவார். ஊர் ஊராக நகரும் படகில் வாழ்ந்து முகவரி இல்லாதவர்கள், உள்ளூர்த் தொடர்பு உறுதிமொழி என்ற படிவத்தைக் கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம். என் தோழி ஒருத்தி எட்டு ஆண்டுகள் படகில் வாழ்ந்தும் இது தெரியாமல் வாக்களிக்காமலேயே இருந்தாள். படகைப் பழுதுபார்க்க அடிக்கடி போகும் தளத்தைத் தொடர்புள்ள இடமாகக் காட்டிப் பதிவு செய்துகொண்டாள். கடிதத்தில் கால்வாயின் வரலாற்றை எழுத வேண்டாம். அவருடைய தொகுதிக்குள் எத்தனை மைல் கால்வாய், எந்தக் கடை, எந்தப் படகு வாடகை நிலையம், எந்தப் பள்ளிப் பிள்ளைகள் கரைப்பாதையில் நடந்து போகிறார்கள் என்பதை எழுதுங்கள். 2025 கோடையில் நீரின்றி லீட்ஸ் லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதி மூடப்பட்டபோது கரையோரத் தொழில்கள் பட்ட பாட்டை எழுதியவர்களுக்கு உறுப்பினர்கள் நேரில் வந்து பார்த்த நிகழ்வுகளை நான் அறிவேன்.

டிரஸ்டின் கவுன்சிலில் படகுக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் இருக்கின்றன. அறங்காவலர்களை நியமிப்பது அந்தக் கவுன்சில்தான். உரிமம் வைத்திருப்பவர்களுக்கு வாக்குண்டு. என் கரையில் நான் கேட்ட பலருக்கும் வாக்குச்சீட்டு மின்னஞ்சல் வந்ததே நினைவில்லை. அந்த மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து வாக்களியுங்கள். வேட்பாளர் குறிப்பில் தூர்வாரல், கழிவகற்றும் இடம், மேல்வரி ஆகிய மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

நேரம் இருந்தால் மாதம் இரண்டு நாள் தன்னார்வலராகப் போங்கள். நம் ஊரின் குடிமராமத்துதான் இது. நான் நீர்ப்பூட்டுக் காவலராக மூன்று கோடைகள் நின்றேன். அங்கே தேநீர் இடைவேளையில் பொறியாளரிடம் கேட்டறிந்ததை எந்த ஆண்டறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை. குளிர்காலப் பழுதின்போது சில இடங்களில் நீரை வடித்துவிட்டுப் பொதுமக்களை உள்ளே இறங்கிப் பார்க்க விடுவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எந்தக் கடிதமானாலும் படகின் பதிவு எண்ணை மேலே எழுதுங்கள். உரிமத் தாளில் இருக்கும், படகின் இரு பக்கத்திலும் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே, பூட்டின் எண்.