அந்தமான், லட்சத்தீவுக்கு ஹாம் ரேடியோ எக்ஸ்பெடிஷன் போறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு ஒரு செய்முறை

ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வாங்கின புதுசுல எல்லாருக்கும் ஒரு ஆசை இருக்கும், தூர தேசத்து ஆளுங்க வரிசை கட்டி நம்மள கூப்பிடணும்னு. வீட்டு மாடியில இருந்து சிக்யூ (யாராவது பதில் சொல்லுங்கன்னு பொதுவா கூப்பிடுறது) போட்டா அது லேசுல நடக்காது, ஆனா அதே ரேடியோவ தூக்கிட்டுப் போய் அந்தமான்லயோ லட்சத்தீவுலயோ வச்சா நிலைமையே வேற, இதைத்தான் எக்ஸ்பெடிஷன்னு சொல்றோம். டிஎக்ஸ்சிசி அவார்டு (எத்தனை நாடு, தனிப் பகுதியோட பேசினோம்னு பாத்துக் கொடுக்கிறது) கணக்குல மொத்தம் 340 இடம், அதுல நம்ம நாட்டுலயே இருந்தாலும் அந்தமான் நிக்கோபார் தனி (கால்சைன், அதாவது ரேடியோ அடையாளக் குறி, வியூ4-ல ஆரம்பிக்கும்), லட்சத்தீவு தனி (வியூ7). ஐஓடிஏங்கற, தீவுகளோட பேசினதுக்குக் கொடுக்கிற அவார்டு கணக்குலயும் அந்தமான் ஏஎஸ்-001, லட்சத்தீவு ஏஎஸ்-011, நிக்கோபார் ஏஎஸ்-033. அங்க இருந்து சிக்னல் வர்றதே அபூர்வம்ங்கறதால உலகமே காத்துக் கிடக்கும்.

முதல் படி, பேப்பர் வேலை. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதை முடிங்க. உங்க லைசென்ஸ் இருந்தா மட்டும் போதாது, இந்தத் தீவுகள்ல ஆபரேட் பண்ண தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூபிசி (ரேடியோ அலைவரிசைக்கு அனுமதி கொடுக்கிற) பிரிவுல தனி அனுமதி வாங்கணும். லட்சத்தீவுக்குள்ள காலடி வைக்கவே இந்தியர்களுக்கும் என்ட்ரி பெர்மிட் வேணும், நிக்கோபார் பக்கம் போறதா இருந்தா பழங்குடி பகுதி பாஸ் வேணும். இதுக்கு மாசக்கணக்கா ஆகும்னு நினைச்சே பிளான் பண்ணுங்க. அனுமதியில எந்த கால்சைன், எந்தத் தீவு, எந்தத் தேதின்னு போட்டிருக்கோ அதுல துளியும் மாறக் கூடாது, எத்தனை வாட்ங்கறதும் உங்க லைசென்ஸ் கிரேடு சொல்றதுதான். ஒருத்தர் எல்லை மீறினா அடுத்து கேக்கிற எல்லா குரூப்புக்கும் கதவு சாத்திடும், இதுல நான் ரொம்ப கறாரா இருப்பேன்.

அடுத்து டைம். தென்மேற்கு பருவமழைல கடல் கொந்தளிப்பா இருக்கும், கப்பல் எப்ப கிளம்பும்னே சொல்ல முடியாது, அதனால டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பாருங்க. லட்சத்தீவுக்கு கொச்சியில இருந்து கப்பல், இல்லன்னா அகத்திக்கு ஃப்ளைட். ஃப்ளைட்ல போனா பேட்டரி விஷயத்துல உஷாரா இருங்க, பெரிய லித்தியம் பேட்டரிய ஏத்த விடமாட்டாங்க. 100 வாட் ரேடியோ டிரான்ஸ்மிட் பண்ணும்போது 13.8 வோல்ட்ல 20 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அதனால ஒரு நல்ல பவர் சப்ளை எடுத்துக்கிட்டு, கார் பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் தீவுலயே ஏற்பாடு பண்ணிக்கிறது நல்லது. லைசென்ஸ், அனுமதிக் கடிதம், ரேடியோ பில் எல்லாம் கைப்பையில மேலாப்புல இருக்கட்டும், செக்யூரிட்டில கட்டாயம் கேப்பாங்க.

இப்ப ஆன்டெனா. எக்ஸ்பெடிஷனோட உயிரே இங்கதான் இருக்கு. நிறைய பேர் பெரிய ஆம்ப்ளிஃபையர் பத்தி யோசிக்கிறாங்க, என்னைக் கேட்டா உப்புத் தண்ணி பக்கத்துல நிக்கிற ஒரு சாதா வெர்டிக்கல் (செங்குத்து ஆன்டெனா) அதைவிட நல்லா வேலை செய்யும். கடல் தண்ணி சாதாரண மண்ணைவிட ஆயிரம் மடங்கு அளவுக்கு மின்சாரம் கடத்தும், அதனால சிக்னல் அடிவானத்தை ஒட்டித் தாழ்வா கிளம்பி ரொம்ப தூரம் போகும்.

செய்யறது ஈசி. 71-ஐ மெகாஹெர்ட்ஸால வகுங்க, கால் அலை நீளம் மீட்டர்ல வந்துரும். 20 மீட்டர் பேண்டுல 14.2-க்கு சரியா 5 மீட்டர். ஒயரை 10 சென்டிமீட்டர் கூடுதலா வெட்டி ஃபைபர் கம்பத்துல செங்குத்தா கட்டுங்க, அதே நீளத்துல ரெண்டு ரேடியல் ஒயரை (ஆன்டெனாவுக்கு அடியில தரை மாதிரி வேலை செய்யறது) தரையிலருந்து ஒரு மீட்டர் உசரத்துல எதிரெதிரா இழுத்துக் கட்டுங்க, அப்புறம் அனலைசர (ஆன்டெனாவ அளக்கிற கருவி) வச்சுப் பாத்துக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா நறுக்கி எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு பவர் திரும்பி வருதுன்னு காட்டுற அளவு) 1.5-க்குள்ள கொண்டு வாங்க. பவளப்பாறை மணல்ல முளைக்குச்சி நிக்காது, சாக்குல மணல் ரொப்பி அதுல கட்டுங்க. நடறதுக்கு முன்னாடி கடல் ஏத்தம் எதுவரைக்கும் வருதுன்னு ஒரு நாள் பாத்துருங்க. கனெக்டர் ஒவ்வொண்ணுக்கும் ரப்பர் டேப் சுத்தணும், உப்புக் காத்து ராத்திரியோட ராத்திரியா உள்ள பூந்து பச்சை பூக்க வச்சிரும்.

ஆன் ஏர் போனதும் நூத்துக்கணக்குல பேர் ஒரே நேரத்துல கூப்பிடுவாங்க, இதுக்குப் பேர்தான் பைல்அப். பதட்டப்படாம ஸ்ப்ளிட் போடுங்க: நீங்க 14.195 மெகாஹெர்ட்ஸ்ல பேசுறீங்க, "அப் ஃபைவ் டு டென்" (5-ல இருந்து 10 கிலோஹெர்ட்ஸ் மேல கூப்பிடுங்கன்னு அர்த்தம்) சொல்லிட்டு 14.200-ல இருந்து 14.205 வரைக்கும் கேளுங்க, அப்பதான் கூட்டம் உங்க குரலை மூடாது. முழு கால்சைன் கேக்கலையா, காதுல விழுந்த ரெண்டு எழுத்தைச் சொல்லிக் கூப்பிடுங்க, அந்த ஆளை முடிக்கிற வரைக்கும் வேற யார் கத்தினாலும் எடுக்காதீங்க. ஒரு தடவை விட்டுக்கொடுத்தா கூட்டம் கட்டுப்பாடு இழந்துரும். 59 (சிக்னல் நல்லா கேக்குதுன்னு அர்த்தம்), தேங்க்யூ, உங்க கால்சைன், அடுத்த ஆள், இந்தத் தாளத்தை விடாதீங்க. குரூப்ல ஆளுக்கு ரெண்டு மணி நேர ஷிப்ட் போட்டுக்குங்க, புது ஆளுக்கு பக்கத்துல அனுபவஸ்தர் ஒருத்தர் ஹெட்போனோட உக்காரட்டும்.

ஐரோப்பா, ஜப்பான் தானா வரும். அமெரிக்காதான் கஷ்டம், நமக்கு உருண்டையோட மறுபக்கம், சிக்னல் வட துருவத்தை ஒட்டிப் போகணும். சூரியன் உதிக்கிற, மறையுற நேரத்தை அவங்களுக்குன்னே ஒதுக்கி "நார்த் அமெரிக்கா ஒன்லி" சொல்லுங்க, மத்தவங்க கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, அவங்களுக்கு இந்த வழி திறக்கிறதே கொஞ்ச நேரம்தான்.

அவசரம்னா எல்லாத்தையும் நிறுத்தத் தயாரா இருக்கணும். 2004 டிசம்பர்ல ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத் தலைமையில ஒரு டீம் போர்ட் பிளேர்ல இருந்து ஆபரேட் பண்ணிட்டு இருந்தப்பதான் 26-ஆம் தேதி சுனாமி அடிச்சது, அவங்க எக்ஸ்பெடிஷன அப்படியே விட்டுட்டு தீவுகளுக்கும் மெயின்லேண்டுக்கும் நடுவுல தகவல் கொடுக்கிற வேலைல இறங்கினாங்க. அதனால ஒரு ஸ்பேர் ரேடியோ, ஃபுல் சார்ஜ்ல ஒரு பேட்டரி எப்பவும் தொடாம தனியா இருக்கட்டும்.

கடைசியா லாக், அதாவது யார்கிட்ட எப்ப பேசினோம்ங்கற பதிவு. டைம் யூடிசில (உலகப் பொது நேரம்), அதாவது நம்ம டைம்ல இருந்து அஞ்சரை மணி நேரத்தைக் குறைச்சு எழுதுங்க, தேதி மாறுற இடத்துல கவனம். தினமும் ராத்திரி ரெண்டு பென்டிரைவ்ல காப்பி எடுத்து ரெண்டு பேர் கிட்ட வச்சுக்குங்க. திரும்பினதும் எல்ஓடிடபிள்யூல (தொடர்பை ஆன்லைன்ல உறுதி செய்யற தளம்) ஏத்துங்க, பேப்பர் கியூஎஸ்எல் கார்டு (பேசினதுக்கு அத்தாட்சி) கேக்கிறவங்களுக்கு அச்சடிச்சு அனுப்புங்க. கார்டுல ஐஓடிஏ நம்பரோட தீவு பேரும் கட்டாயம் இருக்கணும், பேர் இல்லாத கார்டை ஐஓடிஏ அவார்டுக்கு ஏத்துக்க மாட்டாங்க.