பழைய ரோட்ஸ்டரின் ஆடும் கியர் லீவரைச் சீர்செய்தல்: முதன்முறையாகச் செய்வோருக்கான செய்முறை விளக்கம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கியர் லீவர் விழப்போகும் பாற்பல்லைப் போல ஆடத் தொடங்கியதும், கியர் பொக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆலோசனைதான் யாழ்ப்பாணத்தில் முதலில் காதில் விழும். மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தேவையற்ற செலவு. 1989ஆம் ஆண்டு வெளிவந்து, ஜப்பானுக்கு வெளியே எம்எக்ஸ்-5 என்ற பெயரில் விற்பனையான அந்த முதல் தலைமுறைக் காரில், ஆட்டத்துக்குக் காரணம் அநேகமாகப் பற்சக்கரங்கள் அல்ல. லீவரின் அடியில் இருக்கும் சில சிறிய நைலோன், றப்பர் பாகங்களே. அவற்றை மாற்றுவதற்குக் காரின் கீழே படுக்க வேண்டியதில்லை. முழு வேலையையும் காருக்குள் இருந்தபடி மேலிருந்தே செய்து முடிக்கலாம்.

முன்சக்கரம் இழுக்கும் பெரும்பாலான கார்களில் லீவருக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையே நீண்ட கம்பி வடங்கள் ஓடுகின்றன. இந்தக் காரில் அப்படி எதுவும் இல்லை. லீவர் நேராகக் கியர் பொக்ஸின் வால்பகுதியில் உள்ள ஒரு சிறு குழிக்குள் இறங்கி நிற்கிறது. லீவரின் நடுவில் உள்ள பெரிய உருண்டை, ஒரு பிளாஸ்ரிக் இருக்கையில் அமர்ந்து சுழல்மையமாகிறது. அதன் மேல் ஓர் அலைவடிவ வாஷர் அழுத்திக்கொண்டிருக்கிறது. லீவரின் அடிநுனியில் உள்ள சிறிய உருண்டை, கிண்ணம் போன்ற ஒரு நைலோன் புஷ்ஷை அணிந்துகொண்டு, கியரைத் தெரிவுசெய்யும் தண்டினைத் தள்ளுகிறது. சுழல்மையத்துக்குக் கீழே உள்ள கை குட்டையானது, மேலே உள்ள கை நீளமானது என்பதால், கீழே தோன்றும் மிகச் சிறிய இடைவெளியும் உங்கள் உள்ளங்கையில் பல மடங்காகப் பெருகித் தெரிகிறது.

முதலில் நோயைச் சரியாக அறியுங்கள்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுக் கடக்க வேண்டாம், ஏனெனில் வேறிடத்துப் பழுதுக்கு இந்தப் புஷ்ஷை மாற்றினால் பணமும் நேரமும் வீணாகும். எஞ்சினை நிறுத்திவிட்டு லீவரை மூன்றாம் கியரில் போட்டு, இரண்டு விரல்களால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் லீவர் அங்கும் இங்கும் போய்வந்தாலும், மெல்லிய தட்டுச் சத்தம் கேட்டாலும், ஓடும்போது லீவர் கிறுகிறுவென்று அதிர்ந்தாலும், பழுது பெரும்பாலும் புஷ்களில்தான். அதோடு லீவரைச் சுற்றிச் சூடான காற்றும் கியர் ஒயில் மணமும் எழுந்தால் லீவரின் அடியை மூடியிருக்கும் றப்பர் உறைகளும் கிழிந்துவிட்டன என்று கொள்ளலாம்.

மாறாக, எஞ்சின் ஓடும்போது முதலாம் கியரும் பின்கியரும் கடினமாக விழுந்து, எஞ்சினை நிறுத்தியதும் அவையே இலகுவாக விழுந்தால், கிளச் முழுமையாக விலகவில்லை என்பதே பொருள். அப்போது முதலில் பார்க்க வேண்டியது கியர் பொக்ஸின் பக்கத்தில் பொருத்தப்பட்டுள்ள கிளச் சிலின்டரை. இந்தக் காரில் அது கசிவது வழக்கமான பழுது. ஓடும்போது கியர் தானாகக் கழன்று வந்தாலும், நியூட்ரலில் விட்ட லீவர் நடுவரிசைக்குத் தானாகத் திரும்பாவிட்டாலும், பழுது கியர் பொக்ஸுக்கு உள்ளே இருக்கிறது. அது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

வாங்க வேண்டியவை

அடிநுனிப் புஷ், பெரிய உருண்டைக்கான பிளாஸ்ரிக் இருக்கை, அலைவடிவ வாஷர், உள் றப்பர் உறை, வெளி றப்பர் உறை ஆகிய ஐந்தையும் ஒன்றாக வாங்குங்கள். யாழ் நகரத்துக் கடைகளில் இவை கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் விசாரிக்கலாம், அல்லது ஜப்பானிலிருந்து தருவிக்கலாம். கழற்றிய பழைய பாகங்களில் எதையும் வாங்காதீர்கள்; அவையும் உங்கள் காரில் உள்ளவற்றின் வயதை உடையவையே.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் இது. கிடைக்காத பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்தெடுக்கும் திறமை இன்றும் இங்கே இருக்கிறது, அதை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும் இந்தப் புஷ்ஷைப் பித்தளையில் கடைந்து போடுவது நல்லதல்ல. நைலோன், தான் தேய்ந்து லீவரின் உருண்டையைக் காப்பதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. கியர் பொக்ஸின் இரைச்சலையும் அதுவே உறிஞ்சுகிறது. பித்தளை போட்டால் லீவர் சில காலம் இறுக்கமாகத் தோன்றும், ஆனால் அதிர்வு நேராகக் கைக்கு வரும், தேய்மானமும் விலைகூடிய பாகத்துக்குப் போகும். கடைந்துதான் ஆக வேண்டுமென்றால் கடினமான நைலோன் துண்டில் கடைவியுங்கள்.

இவற்றோடு 75டபிள்யூ-90 தரத்து ஜிஎல்-4 கியர் ஒயில் சிறிதளவும், 10, 12 மில்லிமீற்றர் சொக்கெற்றுகளும், நட்சத்திரத் தலைத் திருப்புளி ஒன்றும், நுனியில் மெல்லிய குழாய் செருகிய பெரிய ஊசிக்குழல் ஒன்றும், ரோச் லைற்றும், நூல் உதிராத துணியும் தேவை.

கழற்றுதல்

காரைச் சமதரையில் நிறுத்தி, ஹான்ட் பிறேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். லீவர் வெளியே இருக்கும்போது கியரில் போட்டுக் காரை நிறுத்திவைக்க முடியாது. ஓடிவந்த கையோடு தொடங்க வேண்டாம். புகைபோக்கிக் குழாய் கியர் பொக்ஸை ஒட்டியே செல்வதால் அந்தப் பகுதி நீண்ட நேரம் சூடாக இருக்கும். இரவு முழுவதும் ஆறவிட்டு, வெயில் ஏறுமுன் காலையிலேயே தொடங்குவது நல்லது.

லீவரை நியூட்ரலில் வைத்து, அதன் குமிழை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். அடுத்து, இரு இருக்கைகளுக்கும் இடையே லீவரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக் மூடியான நடுக் கொன்சோலைத் தூக்க வேண்டும். அதன் திருகாணிகள் முன்புற இரு பக்கங்களிலும், சாம்பல் கிண்ணத்தின் அடியிலும், பின்புறச் சிறு பெட்டிக்குள்ளும் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பின்னும் கொன்சோல் அசையாவிட்டால் நெம்ப வேண்டாம். முப்பது ஆண்டு வெயில் பட்ட பிளாஸ்ரிக் உடனே வெடிக்கும். தவறவிட்ட திருகாணியைத் தேடுங்கள். தூக்கும்போது அடியில் உள்ள மின் இணைப்புகளைக் கழற்ற மறக்க வேண்டாம்.

கொன்சோலின் அடியில் வெளி றப்பர் உறை நான்கு போல்ட்களால் பிடிக்கப்பட்டிருக்கும். அதை எடுப்பதற்கு முன் சுற்றியுள்ள தூசியை முழுமையாகத் துடைத்தெடுங்கள். வலிகாமத்துச் செம்மண் தூசி மிக நுண்ணியது. அது ஒயிலோடு கலந்தால் புதிய புஷ்ஷையும் அரைத்துவிடும். உறையை நீக்கியதும், லீவரைப் பிடித்திருக்கும் தகடும் அதன் மூன்று போல்ட்களும் தெரியும். அவற்றைச் சிறிது சிறிதாக மாறிமாறித் தளர்த்தி எடுத்து, லீவரை நேராக மேலே இழுங்கள். பாகங்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தன என்பதைக் கைத்தொலைபேசியில் உடனே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது லீவரின் அடிநுனியைப் பாருங்கள். வெண்மையாக இருந்திருக்க வேண்டிய நைலோன் கிண்ணம் பழுப்பேறி, விளிம்பு பிளந்து, உருண்டையின் மேல் சும்மா சுழலும். சில கார்களில் அது லீவரோடு வராமல் குழிக்குள்ளேயே உடைந்து கிடக்கும். அப்படியானால் ரோச் லைற் அடித்து, நீண்ட இடுக்கியால் ஒவ்வொரு துண்டையும் பொறுக்கியெடுத்து, துண்டுகளைச் சேர்த்துவைத்துக் கிண்ணம் முழுமையாக வந்துவிட்டதா என்று சரிபாருங்கள்.

சுத்தம் செய்து பொருத்துதல்

குழிக்குள் மிஞ்சியிருக்கும் பழைய ஒயிலை ஊசிக்குழலால் உறிஞ்சியெடுங்கள். அது கறுத்துக் குழம்பாக இருக்கும். உறை கிழிந்து நெடுங்காலமானால் குழி வறண்டே கிடக்கும். அடித்தளத்தைத் துணியால் துடைத்து, ஏறத்தாழ 80 முதல் 95 மில்லிலீற்றர் வரை புதிய ஒயிலை விடுங்கள். இந்தச் சிறு குழியின் ஒயிலை ஒருவரும் நினைப்பதில்லை. கியர் பொக்ஸ் ஒயிலைத் தவறாமல் மாற்றுவோரும் இதை விட்டுவிடுகிறார்கள். புஷ் விரைவில் தேய்வதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

லீவரிலிருந்து பழைய பாகங்களைக் கழற்றி, உருண்டைகளைத் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதிய புஷ்ஷும் முழுப் பலன் தராது. புதிய கிண்ணத்துக்குச் சிறிது ஒயில் பூசி, அடிநுனியில் இறுகி அமரும்வரை அழுத்துங்கள். பிளாஸ்ரிக் இருக்கை, வாஷர், உள் உறை ஆகியவற்றைப் படத்தில் உள்ள ஒழுங்கிலேயே ஏற்றுங்கள். பழைய வாஷரைப் புதியதன் அருகில் வைத்தால், அலை தட்டையாகிப் போனது கண்ணுக்கே தெரியும். உருண்டையைக் கீழே அழுத்தும் விசை அந்த அலையிலிருந்துதான் வருகிறது.

லீவரை இறக்கும்போது கிண்ணம் தண்டின் குழிக்குள் விழுவதைக் கை உணரும். அந்த உணர்வு வராமல் தகட்டை இறுக்க வேண்டாம். போல்ட்கள் அலுமினியத்துக்குள் இறங்குவதால் முதலில் விரலால் திருகி, பின்பு குட்டையான கைப்பிடியால் மூன்றையும் மாறிமாறி அளவாக இறுக்குங்கள்.

கொன்சோலைப் போடுவதற்கு முன், எஞ்சினை நிறுத்தியபடியே கிளச்சை மிதித்து ஐந்து கியர்களையும் பின்கியரையும் போட்டுப் பாருங்கள். ஒன்று விழ மறுத்தால் காரைச் சிறிது முன்னும் பின்னும் தள்ளிவிட்டு மீண்டும் முயலுங்கள். எல்லாம் விழுந்தால் வெளி உறையையும் கொன்சோலையும் குமிழையும் மாட்டலாம்.

முதல் சில நாட்களுக்கு லீவர் சற்று இறுக்கமாக இருக்கும். ஓட ஓட அது இளகும். ஓரிரு கிழமை கழித்துக் கொன்சோலை மீண்டும் ஒருமுறை தூக்கி, உள் உறையின் ஓரத்தில் ஒயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் உறை சரியாக அமரவில்லை. தகட்டைத் தளர்த்தி, அதன் விளிம்பைச் சுற்றிலும் விரலால் அழுத்தி அமர்த்தி மீண்டும் இறுக்குங்கள்.