மந்துக்குப் போகும் முன் புல்லைப் பாருங்கள்

ஊட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா, சாக்லேட் என்று சுற்றிவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் கடைசியாக ‘தோடர் குடிசை’, அதாவது இந்த மலைப் பழங்குடியினரான தோடர்களின் வீடு, பார்க்கப் போகிறார்கள். ஐந்து நிமிடம், ரெண்டு போட்டோ, முடிந்தது. குன்னூரில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன், இந்த முறை வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் புல்வெளி, அப்புறம் மந்து, அதாவது தோடர்களின் குடியிருப்பு. புல்லைப் பார்க்காமல் குடிசையை மட்டும் பார்த்தால் அது ஏன் அந்த இடத்தில், அந்த வடிவத்தில் நிற்கிறது என்று பிடிபடாது.

மே மாதம் வேண்டாம், கூட்டத்தில் மலையே தெரியாது. தென்மேற்குப் பருவமழை ஓய்கிற செப்டம்பரில் புல் பச்சைப்பசேலென்று இருக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி பட்டுப் பழுப்பாகிவிடும், ஆனால் விடிகாலையில் தலைக்குந்தா பக்கம் போனால் புல் நுனியெல்லாம் உப்பைத் தூவி வைத்த மாதிரி இருப்பதைப் பார்க்கலாம். வண்டியில் வருவதென்றால் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்பும் முன்பே விவரம் பார்த்து எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

சரி, ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் தலைக்குந்தா தாண்டி ஷூட்டிங் மட்டம் வரைக்கும் போங்கள். மேலே ஏறியதும் செல்பி எடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு. திறந்த மேட்டில் இறங்கும் உறைபனி சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதால்தான் அந்த மரங்கள் மடிப்புக்குள் ஒண்டிக்கொள்கின்றன. மேட்டில் பெய்கிற மழையைப் புல் பிடித்து மண்ணுக்குள் இறக்க, அது சோலை வழியாகக் கசிந்து கோடையிலும் ஓடையாக வருகிறது. அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பினால் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் எல்லாம் நெருக்கமாக நிற்கும். அதைக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி நட்டுக்கொண்டே வந்தது, புல்வெளியைத் தின்று வளர்ந்தது.

தோடர்களுக்கு இந்தப் புல்தான் எல்லாம். எருமை மேய்வது அதில், எருமைப் பாலைச் சுற்றித்தான் அவர்கள் வழிபாடு. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, பாதி பீப்பாயைக் கவிழ்த்தது போல வீடு கட்டி, சதுப்பில் வளரும் புல்லால் வேய்வார்கள். வாசல் மண்டியிட்டு நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். சதுப்பும் புல்லும் சுருங்கச் சுருங்க அந்த வீடுகளும் குறைந்துவிட்டன, இன்றைக்குப் பெரும்பாலானோர் நம்மைப் போலச் சிமெண்டு வீட்டில்தான் இருக்கிறார்கள். அதைப் பார்த்து ஏமாற்றமாக உச்சுக்கொட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது வலிக்கும்.

இப்போது மந்துக்குப் போகலாம். தலைக்குந்தா பக்கத்திலேயே முத்தநாடு மந்து, அங்கேதான் கூம்பு வடிவக் கூரையோடு மூன்போ கோயில் இருக்கிறது. வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, முதலில் எதிர்ப்படுகிறவரிடம் “அண்ணா, உள்ளே வந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள், அது அவர்கள் வீட்டு முற்றம். கோயிலைச் சுற்றியுள்ள கற்சுவரைத் தாண்டக் கூடாது. அவர்கள் வீட்டுப் பெண்களே கோயிலுக்குள் போவதில்லை, எனவே எதுவரை போகலாம் என்று அவர்கள் சொல்வதுதான் எல்லை. எருமை நின்றால் தள்ளியே நில்லுங்கள், வளர்த்தவர் பக்கத்தில் இருந்தாலும்.

மழை பிடித்துக்கொண்டால் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம் இருக்கிறது. கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பற்றியெல்லாம் அங்கே தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாகப் பூத்துக்குளி, தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூவேலைப் போர்வை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வரைபடம் இல்லை, பென்சில் கோடு இல்லை. விரல் நகத்தால் துணியின் இழையை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணி, ஊசியை நுழைத்து, நூலை இழுத்து முடிக்காமல் சின்னச் சின்ன வளையமாக விட்டுக்கொண்டே போனார், தடவினால் விரலுக்கு மேடு தட்டும். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள், கைவேலையென்றால் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும். மந்திலேயே, போட்டவர் கையிலிருந்தே வாங்குங்கள். ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும், அதனால் பேரம் பேசாதீர்கள். அவ்வளவு பணம் இல்லையென்றால் சின்னப் பை ஒன்று போதும். போர்வை வாங்கினால் பீரோவில் பூட்டி வைக்காமல் அன்று சாயங்காலமே போர்த்திக்கொள்ளுங்கள், ஊட்டிக் குளிரை நன்றாகவே தாங்கும்.